அவள் காதலிப்பது என்னையா, என் பொய்யையா?

கேள்வி:

அன்புள்ள மேடம்,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் டேட்டிங் ஆப் மூலம் ஒரு பெண் பழக்கமானாள். அண்ணா நகரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவரும் வங்கி அதிகாரிகள். அவளோடு பேசும்போது கிடைக்கிற சந்தோஷம் இதுவரை வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. கல்யாணம் வரை போக வேண்டும் என்று இருவருக்குமே ஆசை.

பிரச்சினை என்னிடம்தான். சாட் பண்ண ஆரம்பித்த புதிதில், "அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். "தீப்பெட்டி லைன்" என்று போட்டேன். "ஓ, ஃபேமிலி பிசினஸா? சூப்பர்!" என்றாள். சிரிக்கிற எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையில் என் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லோடுமேன். அம்மா அதே ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலைக்குப் போகிறார்.

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. அவள் தன் தோழிகளிடம் "அவங்க வீட்ல மேட்ச் ஃபேக்டரி வெச்சிருக்காங்க" என்று சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். ஊருக்கு வருகிறேன் என்று அவள் ஆசையாகக் கேட்டபோது, வீட்டில் மராமத்து வேலை நடப்பதாகச் சொன்னேன். வீடு இரண்டே அறைதான். கல்விக் கடன் இன்னும் முடியவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது. தங்கை கல்யாணத்துக்குச் சீட்டு கட்டுகிறேன். அவளோடு போகிற ரெஸ்டாரன்ட் பில்லையெல்லாம் கிரெடிட் கார்டில் போட்டு, இப்போது அதற்கும் இ.எம்.ஐ. ஓடுகிறது.

அம்மா போன் பண்ணினால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். பிறகு மாடிப்படியில் நின்றுதான் பேசுகிறேன். ஊரில் "வாரேம்மா" என்று சொல்கிற வாய், அவள் முன்னால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பேசுகிறது. மலையேற்றம் பிடிக்கும் என்றேன், பிடிக்காது. சுஷி பிடிக்கும் என்றேன், அதுவும் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அவளைப் பார்த்துவிட்டு ரூமுக்கு வந்தால், இன்டர்வியூ முடித்துவிட்டு வந்தது போல உடம்பெல்லாம் அசந்துபோகிறது.

அடுத்த மாதம் அவள் வீட்டுக்கு வந்து பெற்றோரைப் பார்க்கச் சொல்கிறாள். "நீ நீயா இரு மச்சான், எல்லாம் சரியாயிடும்" என்கிறான் ரூம்மேட். ஊரில் ஒருவனாக, ஆபீஸில் ஒருவனாக, அவளிடம் ஒருவனாக இருக்கிறேன். இதில் நான் என்பது யார்? எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் சாதி வேறு வேறாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதே இல்லை. வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ரூம்மேட் சொன்னது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது உங்களுக்கு உதவாது. "நீ நீயாக இரு" என்று சொல்வது எளிது. தன்னைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. அதனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நான் போலி" என்று தலையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மூட்டையில் பாதிக்கு மேல் போலி இல்லை.

எது பொய், எது பொய் இல்லை?

ஊரில் ஒரு பேச்சு, ஆபீஸில் ஒரு பேச்சு என்பது பொய் இல்லை. தமிழ் பேசுகிற எல்லோரும் இடம் பார்த்து, ஆள் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்கிறவர்கள்தான். அம்மாவிடம் "வாரேம்மா" என்பவரும் நீங்கள்தான், மேனேஜரிடம் ஆங்கிலத்தில் விவரம் சொல்பவரும் நீங்கள்தான். இதில் எது அசல், எது நகல் என்று தேட வேண்டியதில்லை.

முதல் சந்திப்புக்கு இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனதும் பொய் இல்லை. டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் 1960-ல் 'மெய்யான தன்மை, பொய்யான தன்மை' என்று பிரித்து எழுதியவர். அவரே, சமூகத்தில் மரியாதையாகப் பழகுவதற்காக நாம் போட்டுக்கொள்கிற மேல்பூச்சை ஆரோக்கியமானது என்றுதான் வகைப்படுத்தினார். அந்தப் பூச்சு ஆளையே மூடிவிடும்போதுதான் நோய் தொடங்குகிறது என்பது அவர் கருத்து.

டேட்டிங் ஆப்களில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வதும் ஊர் உலகத்தில் இல்லாதது அல்ல. கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நியூயார்க்கில் இணையம் வழி துணை தேடிய 80 பேரை நேரில் வரவழைத்து, உயரத்தை அளந்து, எடை பார்த்து, ஓட்டுநர் உரிமத்தில் வயதைச் சரிபார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் மிகச் சிறியவை. நேரில் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்திருப்பதால் பெரிதாக அளக்க முடியாது என்று அவர்கள் விளக்கினார்கள். உங்கள் மலையேற்றமும் சுஷியும் இந்தக் கணக்கில்தான் வரும். அவற்றுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் நிறுத்தினால் போதும்.

அடுத்து, சொல்லாமல் வைத்திருக்கிற விஷயங்கள். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பழகிய முதல் வாரத்திலேயே யாரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. நேரம் வரும்வரை நம்மோடு வைத்துக்கொள்ள நமக்கு உரிமையுள்ள விஷயங்கள் அவை.

உங்கள் அப்பாவின் வேலை வேறு வகை. அதை நீங்கள் வெறுமனே சொல்லாமல் விடவில்லை. அந்தப் பெண் தவறாகப் புரிந்துகொண்டதைப் பார்த்துக்கொண்டே இருந்து, மராமத்து வேலை என்று சொல்லி அந்தத் தவறுக்கு முட்டும் கொடுத்தீர்கள். உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரிந்தால் அவர் எடுக்கப்போகிற முடிவு மாற வாய்ப்பு உண்டா? அவர் இதைத் தவறாக நம்புவதற்கு நான் காரணமா? இரண்டுக்கும் பதில் 'ஆம்' என்றால், அது சொல்லியே ஆக வேண்டிய விஷயம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்டவை மூன்று: பெற்றோரின் வேலை, வீட்டின் நிலை, இவற்றால் தவறாகத் தெரிகிற உங்கள் பண நிலை. மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகிவிடும்.

இப்போது ஏன் இவ்வளவு வலிக்கிறது?

ஆறு மாதமாக ஓடிய வண்டி இப்போது ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது? பெற்றோரைப் பார்க்கும் தேதி நெருங்கியது மட்டும் காரணம் இல்லை.

அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வில்லியம் ஸ்வானும் அவர் குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் தம்பதிகளிடம் அடிக்கடி சொல்வேன். காதலித்துக்கொண்டிருப்பவர்களையும் கல்யாணமானவர்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, துணை தன்னை எப்படிப் பார்க்கும்போது அவரோடு அதிக நெருக்கம் தோன்றுகிறது என்று ஆராய்ந்தார்கள். காதலிப்பவர்கள், தங்களை உயர்வாக மதிக்கிற துணையோடு அதிக நெருக்கமாக இருந்தார்கள். கல்யாணமானவர்களிடம் இது மாறியது. தாங்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே தங்களைப் பார்க்கிற துணையோடுதான் அவர்களுக்கு நெருக்கம். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களிடம்கூட, வெறும் புகழ்ச்சியால் நெருக்கம் கூடவில்லை.

நீங்கள் இப்போது நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில். பழகத் தொடங்கியபோது 'இவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும்' என்பது மட்டும்தான் ஆசை. கல்யாணப் பேச்சு வந்ததும், 'இவர் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்ற இன்னொரு ஆசை உள்ளே எழுகிறது. அவர் "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லும்போது, 'இவள் சொல்வது அந்த ஃபேக்டரி வீட்டுப் பையனிடம்' என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் கேட்கிறதா? பாசம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது, உங்களிடம் வந்து சேரவில்லை. உடம்பு அசந்துபோவதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு இதுதான் காரணம். அது உங்கள் மனசாட்சி வேலை செய்வதன் அடையாளம். அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் ஸ்னைடர் என்பவரும் அவர் குழுவினரும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் செய்து 1977-ல் வெளியிட்ட சோதனை இது. இளைஞர்களிடம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, "இந்தப் பெண்ணோடுதான் போனில் பேசப்போகிறீர்கள்" என்றார்கள். சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படியில்லாத படம். மறுமுனையில் பேசிய பெண்களுக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. படம் கொடுக்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும், அழகானவர் என்று நம்பப்பட்ட பெண்கள் அதிகக் கலகலப்பாக, நட்பாகப் பேசினார்கள். எதிரில் இருப்பவர் நம்மை என்னவாக நினைத்து நடத்துகிறாரோ, நாமும் அறியாமலே அதற்குத் தக்கபடி ஆகிவிடுகிறோம். அந்தப் பெண் உங்களை முதலாளி வீட்டுப் பிள்ளையாக நடத்த நடத்த, நீங்களும் அப்படியே நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்களுக்குள் கெட்ட எண்ணம் இருந்ததால் இது இவ்வளவு தூரம் வளரவில்லை. அதே வழியில் திரும்பி வரவும் முடியும்: அவர் உங்களைச் சரியாகத் தெரிந்துகொண்டு நடத்தினால், அவர் முன்னால் இயல்பாக இருப்பதும் எளிதாகும்.

முதலில் உங்களிடம் சொல்லுங்கள்

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் வலிக்கும். நீங்கள் மறைத்தது ஒரு தகவலை இல்லை, உங்கள் அப்பாவையும் அம்மாவையும். போனைக் கவிழ்த்து வைக்கும்போது கவிழ்ந்தது யார் என்று உங்களுக்கே தெரிந்ததால்தான் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வெட்கம் நீங்கள் பிறந்தபோதே கூடப் பிறந்ததில்லை. ஹாஸ்டலில் யாரோ சிரித்தது, ஆபீஸில் "டாட் என்ன பண்றார்?" என்று கேட்டு எடைபோட்டது, சாப்பிடுகிற முறையைப் பார்த்து யாரோ புருவம் தூக்கியது என்று எங்கெங்கோ சேர்ந்தது. மற்றவர்கள் உங்கள்மேல் ஏற்றிவிட்டுப் போன சுமை அது. ஆனால் இன்று அதைச் சுமக்கிறவர் நீங்கள். இறக்கி வைக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

காதலியிடம் சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ரூமில் தனியாக இருக்கும்போது, வாய்விட்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல லோடுமேன். அம்மா அங்கயே குச்சி அடைக்கிறாங்க." இவ்வளவுதான். முதல் தடவை சொல்லும்போது முடிவில் ஒரு 'ஆனா' வந்து ஒட்டும். "ஆனா, நான் நல்லாப் படிச்சேன்." "ஆனா, இப்ப நாங்க நல்லாத்தான் இருக்கோம்." அந்த 'ஆனா'வை எடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். குரல் தாழாமல், முற்றுப்புள்ளியோடு நிற்கிற வரை சொல்லுங்கள். நாள் கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் உழைத்து ஒரு பிள்ளையை இன்ஜினியராக்கிய இரண்டு பேரைப் பற்றிய வாக்கியம் அது. அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. வறுமையைச் சொல்லி இரக்கம் தேடுவதும் இன்னொரு வேடம்தான். கேட்பவர் அழ வேண்டும், பாராட்ட வேண்டும் என்று சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

எப்படிச் சொல்வது?

பெற்றோரைப் பார்க்கும் நாளுக்கு நன்றாக முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் யோசிக்க நாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம். நேரில், அமைதியாகப் பேசக்கூடிய, அவர் நினைத்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடக்கூடிய இடமாகப் பாருங்கள். அவருக்குப் பழக்கமான பூங்காவோ, கடற்கரையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமோ போதும். பைக்கில் ஈ.சி.ஆரில் வெகுதூரம் கூட்டிப்போய்ச் சொல்லாதீர்கள். கோபம் வந்தால் உங்களோடே திரும்ப வேண்டிய நிலையில் அவரை வைக்கக் கூடாது.

முதலில் பொய்யைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சின்ன வயது, கஷ்டம், அவமானம் என்று அரைமணி நேரம் கதை சொல்லி, கேட்பவர் மனம் இளகியதும் கடைசியில் பொய்யை ஒப்புக்கொள்வார்கள். அது கேட்பவரைக் கோபப்பட விடாமல் கட்டிப்போடுகிற உத்தி. நீங்கள் நேராக ஆரம்பியுங்கள்:

"உங்கிட்ட ஒரு விஷயத்தைத் தப்பா நம்ப விட்டுட்டேன். எங்களுக்கு ஃபேக்டரி கிடையாது. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல லோடுமேன், அம்மாவும் அங்கதான் வேலை பாக்கிறாங்க. நீ பிசினஸான்னு கேட்டப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கணும். வீட்ல மராமத்து நடக்குதுன்னு சொன்னதும் பொய். வீடு சின்னது, அதைக் காட்ட வெட்கமா இருந்துச்சு. கல்விக் கடன் இருக்கு, கார்டுல கடன் இருக்கு, மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்பறேன். நீ என்ன கேக்கணுமோ கேளு, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்."

இதை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள்.

மூன்றையும் ஒரே நாளில், ஒரே பேச்சில் சொல்லுங்கள். தவணை வேண்டாம். இன்று வேலை, அடுத்த வாரம் கடன், அதற்கடுத்த மாதம் வீடு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தால், ஒவ்வொரு தடவையும் அவர் நம்பிக்கை முதலிலிருந்து உடையும். 'இன்னும் என்னென்ன இருக்கோ' என்ற சந்தேகம் அதன் பிறகு போகாது. இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற உளவியலாளர்கள் 1973-ல், நெருக்கம் மேலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக, ஒருவர் திறக்க மற்றவரும் திறக்க வளர்கிறது என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அது பயங்கள், காயங்கள், கனவுகள் போன்றவற்றுக்குப் பொருந்தும். நாம் உண்டாக்கிய தவறான நம்பிக்கையைத் திருத்துவதற்கு அந்த நிதானம் பொருந்தாது.

"நீயாத்தானே பிசினஸ்னு நினைச்ச" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றே "என்னை மன்னிச்சிட்டியா?" என்றும் கேட்காதீர்கள். உங்கள் மனப்பாரம் இறங்கிவிடும், அவருக்கு அப்போதுதான் ஏறும். அதைச் சுமந்து பார்க்க அவருக்குச் சில நாள் விடுங்கள்.

அவர் என்ன சொல்லக்கூடும்?

கோபப்படலாம். "நான் எங்க அப்பா, அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்னன்னு சொல்வேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் பொய்யை அவர் தன் வாயால் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சங்கடத்தில் உங்களுக்குப் பங்குண்டு. வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் கோபம் எதன்மேல் என்பதைக் கவனியுங்கள். "என்கிட்ட ஏன் மறைச்ச?" என்பது ஒரு கோபம். "லோடுமேன் பையனா நீ?" என்பது வேறு. முதலாவது, உங்களை நம்பியதால் வருகிற கோபம். அதைக் காலத்தாலும் நடத்தையாலும் ஆற்ற முடியும். இரண்டாவதாக இருந்தால், உங்கள் பெற்றோர் காலடி வைக்க முடியாத ஒரு வீட்டைக் கட்டப் பார்த்திருக்கிறீர்கள் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. அதிர்ச்சியில் முதலில் வருகிற ஒரு சொல்லை மட்டும் வைத்து அவரை அளந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து என்ன பேசுகிறார் என்பதுதான் கணக்கு.

அவர் விலகிப்போகலாம். அப்படியானால் அந்த முடிவை மதியுங்கள். பத்து தடவை போன் செய்வது, தோழிகளைத் தூது அனுப்புவது, ஆபீஸ் வாசலில் போய் நிற்பது எதுவும் கூடாது. துரத்தித் துரத்திக் காதலிப்பதை நம் சினிமா நெடுங்காலமாகப் பெருமையாகக் காட்டியிருக்கிறது. வாழ்க்கையில் அது ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது, சட்டப்படி குற்றமும்கூட. அந்த நாட்களில் தனியாக இருக்க வேண்டாம். ரூம்மேட்டிடம் சொல்லி வையுங்கள். தூக்கம், சாப்பாடு கெட்டால் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள்.

சாதி பற்றிய பேச்சு

இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் போட்டிருந்தாலும் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. சாதி, ஒருவரின் தகுதியை அளக்க உதவுகிற அளவுகோல் அல்ல. பழகிய முதல் நாளே அதைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நீங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளாமல் பழகியதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இரண்டு குடும்பங்களும் உள்ளே வரப்போகிற நேரத்தில் பேசாமல் இருப்பது ஆபத்து. சாதி கடந்து திருமணம் செய்ததற்காக, 2016-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. யார் வீட்டில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஆகவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: வீட்டில் எதிர்ப்பு வருமா, எவ்வளவு தூரம் போகும், நமக்குத் துணை நிற்கப்போவது யார்? சாதி கடந்து திருமணம் செய்கிறவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அது பதிவு அலுவலகத்தில் பொதுவில் ஒட்டப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மிரட்டலுக்கு ஆளாகும் தம்பதிகளுக்குப் பாதுகாப்புத் தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. தேவைப்பட்டால் தயங்காமல் அதை நாடுங்கள்.

சட்டம் பற்றிப் பேசும்போது இன்னொன்று. திருமணச் சம்மதத்தை ஒரு முக்கியமான விவரத்தில் ஏமாற்றிப் பெற்றிருந்தால், அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோர இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் விஷயம் அதற்குள் வருமா என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது. அந்தச் சட்டத்தின் அடியில் உள்ள நியாயம் உங்களுக்கும் பொருந்தும்: விவரம் தெரியாமல் சொன்ன 'சரி', முழுச் சம்மதம் ஆகாது.

இனி எப்படிப் பழகுவது?

இந்தப் பெண்ணோடு தொடர்ந்தாலும், வேறொருவரோடு புதிதாகத் தொடங்கினாலும், சில பழக்கங்களை இன்றே ஆரம்பித்துவிடுங்கள். பிடிக்காததைச் சின்ன விஷயத்திலேயே "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிப் பழகுங்கள். சுஷிக்கு 'வேண்டாம்' சொல்லக் கூசுகிறவரால், பெரிய விஷயத்தில் 'இல்லை' சொல்ல முடியாது. "இந்த மாசம் கையில இவ்வளவுதான் இருக்கு, அதுக்குள்ள எங்கயாவது போவோமா?" என்று கேளுங்கள். கையேந்தி பவனில் சூடாகத் தோசை சாப்பிட்டபடி மனம்விட்டுப் பேசுவதில், கடனுக்கு வாங்கிய விருந்தைவிட நெருக்கம் அதிகம். அம்மா அழைத்தால் அந்தப் பெண்ணின் எதிரிலேயே எடுத்துப் பேசுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மலையேற்றம் பழக்கமில்லை என்றால், "போனதில்லை, ஒரு தடவை வந்து பாக்கிறேன்" என்று சொல்லலாம். புதிதாக ஒன்றை அவரிடமிருந்து கற்றுக்கொள்வது உங்களை மாற்றினால் அது வளர்ச்சி, அதில் போலித்தனம் இல்லை.

உண்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு முரட்டுத்தனத்துக்கும் போய்விட வேண்டாம். "நான் இப்படித்தான், பிடிச்சா இரு, இல்லைன்னா போ" என்பது நேர்மையாகத் தெரியும், உள்ளே இருப்பது பயம்தான். எதிராளி விலகுவதற்கு முன் நாமே தள்ளிவிடுகிற பயம். உண்மையைச் சொல்லும்போதும் கேட்பவர் மனதைப் பார்த்துச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் கொட்டிவிடவும் வேண்டியதில்லை. அப்பா உங்களிடம் மட்டும் சொன்ன துயரம், தங்கையின் சொந்த விஷயம் இவையெல்லாம் அவர்களுடையவை. அவர்கள் அனுமதி இல்லாமல் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அவரிடமும் கேளுங்கள். அண்ணா நகர் வீட்டிலிருந்து வருகிறவருக்கும் உங்களிடம் சொல்லத் தயங்குகிற ஏதாவது இருக்கும். ஆறு மாதமாக உங்களைக் காத்துக்கொள்ளவே உங்கள் கவனம் முழுதும் செலவாகியிருப்பதால், அவரை நீங்கள் முழுதாகப் பார்த்திருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம். பயம் இறங்கினால் அவரைத் தெரிந்துகொள்ளவும் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

"நான் என்பது யார்?" என்று கேட்டிருந்தீர்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், தங்கைக்குச் சீட்டுக் கட்டுகிறவர், பொய் சொன்னதற்காகத் தூக்கம் இழந்து முகம் தெரியாத என்னிடம் வழி கேட்கிறவர். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிந்த ஆள் இவர். இவரை அந்தப் பெண் இன்னும் சந்திக்கவில்லை. வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ, இவரைப் பார்த்துவிட்டு அவர் எடுக்க வேண்டிய முடிவு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரம் கேளுங்கள். அவர் பெற்றோரைப் பார்க்கும் நாளை, அவர் யோசித்துச் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். அந்த வாரத்திலேயே ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இப்படி ஒரு பெண்ணை விரும்புகிறேன், உங்களைப் பற்றி அவளிடம் இப்படிச் சொல்லியிருந்தேன், இப்போது திருத்திவிட்டேன் என்று அப்பா, அம்மாவிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு உண்மை பாக்கி வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவு அவர்களுக்கும் பாக்கி இருக்கிறது.